பார்வை அளவையியல் கல்வி

பார்வை அளவையியல் அல்லது ஆப்டோமெட்ரி என்பது கண்ணின் பார்வைத் திறனை அளந்து, ஒளிவிலகல் குறைகளைக் கண்ணாடி, தொடுவில்லை முதலியவற்றால் திருத்தி, கண் நோய்களின் அறிகுறிகளைக் கண்டறியும் துறை ஆகும். இத்துறையில் பயின்றவர் பார்வை அளவையியலாளர் எனப்படுவார். இவர் கண் மருத்துவர் அல்லர். அறுவை சிகிச்சை செய்வதில்லை. மூக்குக்கண்ணாடி விற்பவரும் அல்லர். இம்மூன்றும் ஒன்றெனக் கருதப்படுவதால், பள்ளி முடித்த மாணவர் பலருக்கு இப்படிப்பு இருப்பதே தெரிவதில்லை.

இந்தியாவில் படிப்பு

இந்தியாவில் தொடக்கத்தில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகளே இருந்தன. நான்காண்டுப் பட்டப்படிப்பு 1985 இல் சென்னை சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த எலைட் ஆப்டோமெட்ரி பள்ளியில் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் பொதுவாகச் சேரலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுபடும். முதல் மூன்றாண்டுகள் வகுப்பும் செய்முறையும், நான்காம் ஆண்டு மருத்துவமனையில் உள்ளுறைப் பயிற்சியும் நடைபெறும். ஒளியியல், கண்ணின் உடற்கூறு, மருந்தியல், தொடுவில்லை, குறைபார்வையர் உதவி, இரு கண் ஒருங்கிணைவு ஆகியவை முதன்மைப் பாடங்கள். ஒளியியலில் கணக்குகள் மிகுதி. உயிரியலை மட்டும் நம்பிச் சேர்வோர் முதலாண்டில் திணறுவதுண்டு.

கைப்பயிற்சி

இக்கல்வியின் உயிர்நாடி செய்முறையே. ரெட்டினாஸ்கோப் என்ற கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எழுத்தறியாத குழந்தையிடம் 'எது தெளிவாகத் தெரிகிறது?' என்று கேட்டுப் பயனில்லை. எனவே கண்ணுக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தி, திரும்பி வரும் செந்நிற ஒளியின் அசைவை நோக்குவர். அது கற்றையுடன் அதே திசையில் நகர்ந்தால் குவிவில்லையும், எதிர்த்திசையில் நகர்ந்தால் குழிவில்லையும் கண்முன் வைத்து, அசைவு நிற்கும் வரை மாற்றுவர். சோதிப்பவர் 67 செ.மீ. தொலைவில் அமர்ந்தால், கிடைத்த அளவிலிருந்து 1.5 டயாப்டர் கழிக்க வேண்டும். +1.00 வில்லையில் அசைவு நின்றால், கண்ணின் உண்மை அளவு -0.50, அதாவது சிறிது கிட்டப்பார்வை. அறியாமல் 50 செ.மீ. வரை நெருங்கிவிட்டால் 2 டயாப்டர் கழிக்க வேண்டியிருக்கும். பழைய கணக்கையே பின்பற்றினால் விடை அரை டயாப்டர் பிழைபடும். கை பழகுவதற்கு நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்தாக வேண்டும். கணினிக் கருவி நொடியில் எண்ணைத் தந்தாலும், குழந்தைகளின் கண் அருகில் குவிவதால் அவ்வெண் தவறலாம். சொட்டு மருந்திட்டுச் சோதிப்பது இதனாலேயே.

நோய் அறிதலும் இதே அளவு முக்கியம். கண் அழுத்த நோயில் பார்வைப் புலத்தின் ஓரங்கள் அழிந்த பின்னும் நடுப்பார்வை நெடுநாள் 6/6 ஆகவே இருக்கக்கூடும். எழுத்து அட்டவணையை மட்டும் வாசிக்கச் சொல்பவர் அத்தகையவரை 'கண் நன்றாக உள்ளது' என்று அனுப்பிவிடுவார். பார்வை நரம்பின் முகப்பைப் பார்க்கக் கற்றவரோ கண் மருத்துவரிடம் அனுப்புவார். இழந்த புலம் திரும்பாது.

பணியும் பதிவும்

கண் மருத்துவமனை, கண்ணாடிக் கடை, தொடுவில்லை நிறுவனம், ஆய்வு, கற்பித்தல் ஆகியவற்றில் பணிகள் உள்ளன. மேற்படிப்பாக இரண்டாண்டு முதுகலையும் முனைவர் பட்டமும் உண்டு. அமெரிக்காவில் இத்தொழிலுக்கு இளங்கலைக்குப் பின் நான்காண்டு ஓ.டி. பட்டம் தேவை, இந்தியப் பட்டத்தைக் கொண்டு அங்கு நேரடியாகத் தொழில் செய்ய இயலாது.

2021 இல் இயற்றப்பட்ட தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் பார்வை அளவையியலாளரையும் உள்ளடக்கி, மைய, மாநிலப் பதிவேடுகளுக்கு வழி செய்தது. இச்சட்டப்படி சுகாதாரத் தொழில்முறையாளர் எனப்படுவதற்கு 3600 மணி நேரத்திற்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். பட்டயமும் பட்டமும் விளம்பரங்களில் ஒரே பெயரில் வருவதால், சேருமுன் படிப்பின் கால அளவு, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், பயிற்சிக்கான மருத்துவமனை ஆகிய மூன்றையும் கேட்டறிவது நல்லது.