உறங்க விடாத கூரை

சென்னையில் கத்திரி வெயில் காலம். பகலெல்லாம் மூட்டை சுமந்த தோழன் இரவு வீடு திரும்புகிறான். ஒரே அறை, ஒரே சன்னல், மேலே காங்கிரீட் தளம். உண்டான், படுத்தான். உறங்கினானா? இல்லை! புரண்டான், விசிறினான், எழுந்து தண்ணீர் குடித்தான். கோழி கூவும் நேரத்தில் கண் அயர்ந்தான். காலையில் கண் சிவக்க வந்து நின்றவனை, "சோம்பேறி" என்றார் மேஸ்திரி.

சோம்பல் அல்ல ஐயா அது, சூடு!

உறக்கம் நம்மைத் தழுவ வேண்டுமானால், உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி தணிய வேண்டும் என்கிறது உடலியல். அதற்காகவே கைகால்களின் தோலுக்குக் குருதி மிகுதியாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அறையே அடுப்பாக இருந்தால் அந்த வெப்பம் எங்கே போகும்? வியர்வை உலர்ந்தாலாவது உடல் குளிரும். கடற்கரை நகரின் ஈரக்காற்றோ, அதையும் எளிதில் உலர விடுவதில்லை. ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. கனவு தோன்றும் உறக்கமும் குறைகிறது. ஏழையின் கனவைக்கூடக் கூரை பறித்துக்கொள்கிறது!

கதிரவன் மறைந்துவிட்டான், கூரை அவனை மறக்கவில்லை. பகலில் குடித்த வெயிலைக் காங்கிரீட் தளம் இரவிலே கக்குகிறது.

"குளிர்சாதனப் பெட்டி வாங்கி மாட்டலாமே" என்பர் சிலர். மாட்டியவரைப் பார்ப்போம். 18 டிகிரிக்கு இறக்கிவிட்டு, கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார் சீமான். அவர் அறையின் வெப்பம் தெருவிலே கொட்டப்படுகிறது. அந்தத் தெருவிலேதான், வீட்டுப் புழுக்கம் தாளாமல், நம் தோழன் பாய் விரித்திருக்கிறான்!

வழி இல்லையா? உண்டு. மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பும். எதிரெதிரே இரு சன்னல்கள் இருந்தால் காற்று நுழையும், வெளியேறும். மின்விசிறி சுழன்றால் வியர்வை உலரும். எட்டாத கனியா இவை?

2024 இல் தமிழக அரசு, வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால், பேரிடர் பகலோடு முடிவதில்லை. ஏழைகளுக்கு வீடு கட்டுவோர், சுவரை எண்ணுவதுபோல் சன்னலையும் எண்ணட்டும். தளம் போட்ட கையோடு வெள்ளையும் பூசட்டும்.

பட்டு மெத்தை கேட்கவில்லை நாம். பகலெல்லாம் உழைத்தவன் இரவிலே உறங்க, ஒரு கூரை கேட்கிறோம்!