சுமை இல்லாமல் ஒரு நடை



நம் கூட்டமைப்பு நடத்திய மருத்துவ முகாமில், சர்க்கரையும் பிரஷரும் உள்ள உறுப்பினர் ஒருவரிடம் டாக்டரம்மா, "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்றார். நம்ம அக்கா சும்மா இருப்பாரா? "நாங்க நடக்காத நடையா டாக்டரம்மா? மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா நடந்த காலு இது!" என்றார். எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, "அது வேலைக்கு நடந்தது. உங்களுக்காக எப்போ நடந்தீங்க?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கூடை சுமப்பதும் உழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுமை கழுத்தையும் முழங்காலையும் தேய்க்கிறது. மனசும் அவசரத்திலேயே இருக்கிறது. உண்மையைச் சொன்னால், ஷேர் ஆட்டோ வந்த பிறகு நாம் முன்போல நடப்பதும் இல்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம். அவ்வளவுதான் கணக்கு. வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

தினமும் தெருவில் நடப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மாதம் ஒரு முறை குழுவாகச் சேர்ந்து ஆறு, ஏரி, காடு பக்கம் நடந்துவிட்டு வந்தால் என்ன? ஏற்றம் அதிகம் இல்லாமல், வழி தெளிவாக இருந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்த் திரும்பக்கூடிய பாதையை எளிய நடைப்பாதை என்பார்கள். அதைத் தேடி நாம் ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. நம் அனுப்பம்பட்டுக்கு வடக்கே ஆரணியாறு, தெற்கே கொசஸ்தலையாறு. இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறோம்.

முதல் நடை: பழவேற்காடு

ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. அங்கிருந்து பஸ். "பழவேற்காடா? மீன் எடுக்கத்தான் போவோமே" என்பீர்கள். கூடை இல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டை இன்று மேடும் அகழியுமாகக் கிடக்கிறது. அவர்களுடைய பழைய கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும், பயப்பட வேண்டாம்! அப்படியே ஏரிக்கரைக்கு வந்து, பாலத்தின் மேல் நடந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர்.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்பங்கழி நம்முடையது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள் வரும். ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து, பாசியையும் சின்னஞ்சிறு இறால் வகைகளையும் வடிகட்டித் தின்னும். அந்த இரையால்தான் அதற்கு இளஞ்சிவப்பு நிறம். பறப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு கல் எறிவதோ, சத்தம் போடுவதோ கூடாது. வெகுதூரம் பறந்து வந்த பறவை, இரை தேடும் நேரத்தில் நாம் விரட்டினால் அதன் தெம்பு வீணாகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கரையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள், கால் புதையும். சுற்றிப் பார்க்கவென்று படகில் ஏறாதீர்கள், நம் வீட்டு ஆட்களின் படகாக இருந்தாலும் சரி. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது.

இரண்டாவது நடை: குடியம் குகை

இது நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி நீர்த்தேக்கம் பக்கம், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது. கல்லும் புதருமான காட்டு வழி, முதல் நடையை விடக் கொஞ்சம் கூடுதல் சிரமம். இதே படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் ஆதி மனிதர்களின் கல் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், நம் ஆற்றங்கரையில் எத்தனை காலமாக மனுஷங்க நடந்துகொண்டு இருக்கிறார்கள்!

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, பெண்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அதன் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துத் திறந்தது. குடியமும் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ காலத்தில் மூடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க:

• காலை 6 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள்.
• வெறுங்காலோடு வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.
• சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. முந்தானையில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துகொள்ளுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.
• ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். கொண்டுபோன பிளாஸ்டிக் திரும்ப நம் பையிலேயே வர வேண்டும்.
• நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.
• மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமாக நடப்பவர் பின்னால். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

"வேலை வெட்டி இல்லாம நடக்குறாளுங்கன்னு ஊர்ல பேசுவாங்களே" என்று ஒரு ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. கேரளத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் பெண்கள் 2002-ல் 'வசந்தசேனா' என்று ஒரு குழு அமைத்தார்கள். முறைவைத்து, கூலி வாங்காமல் காட்டுக்குள் நடந்து சந்தன மரங்களைக் காவல் காத்தார்கள். அவர்கள் ஊரிலும் பேச்சு எழாமலா இருந்திருக்கும்? தனியாக நடந்தால்தான் கேள்வி. பத்துப் பேராக நடந்தால் அது குழு நிகழ்ச்சி. நாம் முதன்முதலாகச் சேமிப்பு நோட்டைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போனபோதும் ஊர் பேசத்தான் செய்தது. இப்போது யாராவது பேசுகிறார்களா?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை ஒரு பொருளாக வையுங்கள். தேதியை முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழவேற்காட்டுக்கு ரயில், பஸ் செலவைத் தவிர பெரிய செலவில்லை; குடியத்துக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. கூடையை மட்டும் அன்றைக்கு ஒரு நாள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.