பாலைவன ரோஜா: நீரை அளந்து வளர்க்கும் செடி

நெசவாளர் வீடாயினும் உழவர் வீடாயினும், முற்றத்திலோ மொட்டைமாடியிலோ வெயில் படும் சிறு இடம் ஒன்று இல்லாமற் போவதில்லை. அவ்விடத்தில், பெரும் முதலீடு இன்றி, வேலை ஒழிந்த நேரத்தில் பேணி விற்பனைக்குக் கொண்டுவரத்தக்க பூச்செடிகளுள் அடீனியமும் ஒன்று. நாற்றுப் பண்ணைகளில் பாலைவன ரோஜா என்று வழங்கும் இச்செடியை வாங்கியவர் பலர். இரண்டு மூன்று மழைக்காலங்கள் அதனைக் காப்பாற்றியவர் சிலரே. இச்செடி வறட்சியால் மடிவது அரிது. பரிவு மிகுதியால் ஊற்றப்படும் நீராலேயே பெரும்பாலும் மடிகின்றது. இவ்வுண்மையை உணர்ந்துகொண்டால் மற்றவை யாவும் எளிதாகும்.

பிறப்பிடமும் இயல்பும்

பெயரில் ரோஜா இருப்பினும் இது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் ஊர் அரளி, நித்தியகல்யாணி ஆகியவற்றின் இனத்தது. சகாரா பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலங்களும், கிழக்கு ஆப்பிரிக்காவும், அரேபியாவின் தென்பகுதியும் இதன் தாயகமாகும். டென்மார்க்கு அரசர் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவுடன் சென்ற பீட்டர் ஃபோர்ஸ்கால் என்னும் இயற்கை நூலறிஞர் 1763-இல் ஏமன் நாட்டில் காலமானார். அவருடைய குறிப்புகள் 1775-இல் நூலாக வெளிவந்தபோது இச்செடி அரளியின் ஒரு வகையாகவே அதில் இடம்பெற்றது. பின்னர் 1819-இல் இது தனி இனமாகப் பிரிக்கப்பட்டு, ஏடன் நகரை நினைவூட்டும் அடீனியம் என்னும் பெயரைப் பெற்றது.

மழை அரிதாகப் பெய்யும் நிலத்தில் தோன்றியதால், கிடைத்த நீரைச் சேமித்து வைக்க இதன் அடித்தண்டு கிழங்குபோல் பருத்திருக்கும். அத்தண்டே இதன் நீர்த்தொட்டி. தொட்டி நிறைந்திருக்கும்போது மேலும் மேலும் நீர் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும்.

மண்ணும் சட்டியும்

களிமண் இச்செடிக்கு ஆகாது. பரும்படியான ஆற்றுமணல் இரண்டு பங்கு, சிறு செங்கல் துண்டுகள் ஒரு பங்கு, நன்கு மக்கி உலர்ந்த தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை ஏற்றது. ஊற்றிய நீர் சட்டியின் மேல் தேங்காது, சில விநாடிகளில் அடித்துளை வழியே வெளியேற வேண்டும். அவ்வாறு வெளியேறாவிடில் மணலையும் செங்கல் துண்டுகளையும் கூட்டுக.

ஆழம் குறைந்து வாய் அகன்ற மண்சட்டி சிறந்தது. சட்டியின் கீழ்த் தட்டு வைத்தலாகாது. இரண்டு செங்கற்களின் மேல் சட்டியை வைத்தால் துளை அடைபடாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாயினும் நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்த செடி நெடிது வளருமேயன்றிப் பூக்காது. ஈராண்டுக்கு ஒருமுறை சட்டி மாற்றும்போது, செடியை முன்னிருந்ததினும் ஓர் அங்குலம் உயர்த்தி நடுவது வழக்கம். பருத்த வேர்கள் வெளித்தெரியத் தெரியச் செடியின் அழகும் விலையும் கூடும்.

நீர் விடும் முறை

நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றுதல் கூடாது. மண்ணில் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் துளை வழியே நீர் வெளிவரும் வரை ஊற்றலாம். கோடையில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இது தேவைப்படலாம். மார்கழிக் குளிரில் இலைகள் பழுத்து உதிர்வது செடியின் ஓய்வேயாகும். அதனைத் தாகம் என்று எண்ணி நீரைக் கூட்டுவோர் செடியை இழப்பர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களே மிகுந்த எச்சரிக்கைக்கு உரியவை. வடகிழக்குப் பருவமழை நாட்கணக்கில் பெய்யும்போது சட்டிகளைத் தாழ்வாரத்திலோ, காற்றோட்டம் தடைபடாதவாறு மேலே பாலித்தீன் தாள் கட்டிய பந்தலிலோ வைத்தல் வேண்டும். ஓராண்டுக்கு மேல் பேணிய செடிகளை ஒரு வார அடைமழையில் இழப்பது சிறு குடும்பத்திற்குத் தாங்கவியலாத நட்டமாகும். ஆகையால், மறைவிடத்தில் எத்தனை சட்டிகள் அடங்குமோ அத்தனை செடிகளை மட்டும் வளர்ப்பதே விவேகம்.

அழுகலைக் கண்டறிதல்

வாரம் ஒருமுறை அடித்தண்டை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நலம். நெகிழ்ந்திருந்தால் மண்ணை நோக்குக. மண் உலர்ந்து தண்டு நெகிழ்ந்திருப்பின் அது பெரும்பாலும் தாகம். நீர் விட்டால் சில நாட்களில் தேறும். மண் ஈரமாயிருந்தும் தண்டு நெகிழ்ந்திருப்பின் அது அழுகல்.

அழுகல் கண்டால் தாமதம் கூடாது. பாவில் அறுந்த இழையை உடனே முடிவதுபோல் அன்றே கவனித்தாக வேண்டும். செடியைப் பிடுங்கி, வேரை அலம்பி, தூய கத்தியால் பழுத்த பகுதி முழுவதையும், வெண்மையான நல்ல சதை தெரியும் வரை வெட்டி நீக்குக. பூசணக்கொல்லித் தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, உலர்ந்த புதுக் கலவையில் நடுக. நட்ட சில நாட்கள் கழித்தே நீர் விடலாம்.

கவாத்தும் காவலும்

பூக்கள் புதுக் கிளைகளின் நுனியிலேயே தோன்றும். எனவே மழை ஓய்ந்து வெயில் ஏறும் தை, மாசி மாதங்களில் நீண்ட கிளைகளை வெட்டிவிட்டால், பல கிளைகள் தழைத்துப் பூக்களும் மிகும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும். உரத்தைச் சிறு அளவில், செடி தளிர்க்கும் காலத்தில், ஈர மண்ணில் மட்டும் இடுக.

மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் தாக்கினால், சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்த வேப்பெண்ணெயை மாலையில் தெளிக்கலாம். அரளியைத் தின்னும் பெரிய பச்சைப் புழு இதன் இலைகளையும் தின்னும். அதனைக் கையால் எடுத்து அகற்றுவதே எளிது.

ஒன்றை மறத்தலாகாது. இதன் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு முனையில் தடவி வந்தது இப்பாலைத்தான். கவாத்தின்போது கையுறை அணிக. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. வெட்டிய கிளைகளை ஆடு மாடுகளுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாதவாறு அகற்றுக.

விதையும் ஒட்டும்

இதன் காய்கள் ஆட்டுக் கொம்புபோல் இரட்டையாக விளையும். முதிர்ந்த காய் திடீரென வெடித்து, இரு முனையிலும் பட்டிழை போன்ற குஞ்சம் உடைய விதைகள் காற்றில் பறந்துவிடும். ஆகையால், காய் முதிரும் முன்னரே அதனைச் சுற்றி நூலால் கட்டி வைப்பர். தறியில் மிஞ்சிய கழிவுநூல் இதற்குப் போதும். புது விதை ஒரு வாரத்திற்குள் முளைக்கும். நல்ல வெயிலில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பூக்கும்.

ஆயினும் விதைச்செடி தாய்ச்செடியின் நிறத்தில் பூக்கும் என்பதற்கு உறுதியில்லை. விரும்பிய நிறத்தையும் அடுக்கு மலரையும் பெற ஒட்டுக் கட்டுதலே வழி. பருத்த விதைச்செடியின் கிளையை வெட்டி, நடுவே பிளந்து, நல்ல வகையின் சிறு கிளையை ஆப்புப்போல் சீவிச் செருகி, இறுகக் கட்டி, சிறு பாலித்தீன் உறையால் ஒரு வாரம் மூடிவைக்க வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் கட்டிய ஒட்டு அழுகும். கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும். ஆனால் விதைச்செடிக்குரிய அழகிய அடித்தண்டு அதற்கு அமைவது அரிது.

விற்பனையில் நாணயம்

விதைச்செடி, ஒட்டுச்செடி, கிளைச்செடி ஆகிய மூன்றும் இளமையில் வாங்குவோர் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும். அவற்றின் மதிப்போ வேறு. பூவாத விதைச்செடியைச் சிவப்பு அடுக்கு என்று சொல்லி விற்பவர் ஒருமுறை இலாபம் காண்பார். சங்கமோ அவ்வாடிக்கையாளரை என்றென்றைக்கும் இழக்கும். ஆகவே அங்கத்தினர்கள் ஒவ்வொரு சட்டியிலும் வகையைத் தெளிவாக எழுதி ஒட்டுதல் வேண்டும். நீர் விடும் முறையையும் பாலின் நஞ்சையும் குறிக்கும் சிறு துண்டுச் சீட்டையும் உடன் கொடுத்தல் வேண்டும். நல்ல விதையையும் ஒட்டுக்குச்சிகளையும் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும்.

விற்ற செடி வாங்கியவர் வீட்டில் அடுத்த தை மாதத்திலும் உயிரோடிருந்து தளிர்க்குமாயின், அவரே நமக்கு அடுத்த வாடிக்கையாளரை அழைத்து வருவார். அதற்கு வேண்டுவது பெருமுதலன்று. மண்ணில் விரலிட்டுப் பார்த்து, ஈரமிருப்பின் குவளையைக் கீழே வைக்கும் பொறுமையேயாகும்.