வண்டி வாடகையைப் பங்கிடக் கைப்பேசியில் ஒரு கணக்கு

அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று ஒரே சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மூன்று நண்பர்கள் சேர்ந்து வண்டி பிடித்துக் கோயம்பேட்டிலிருந்து சரக்கு ஏற்றி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது. வாடகையை இன்று ஒருவர் கொடுப்பார், அடுத்த முறை இன்னொருவர் கொடுப்பார். கேட்டால் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். மூன்று மாதம் போனால் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. தொகை சிறியது, மனத்தாங்கல் பெரியது. கூட்டு உடைந்தால் மூவருக்கும் நஷ்டம்.

இத்தகைய பொதுச் செலவுகளை எழுதி வைக்கவே சில செயலிகள் உள்ளன. அவற்றில் பலரும் அறிந்தது ஸ்பிளிட்வைஸ். 2011-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. அறை நண்பர்கள் வீட்டு வாடகையைப் பங்கிடவும், சுற்றுலா போகிறவர்கள் ஓட்டல் செலவைப் பிரிக்கவும் பயன்படுவது. நமக்கும் உதவும். கைப்பேசியிலும் கணினியிலும் திறக்கலாம். மூவரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, செலவு நடந்ததும் தொகை, கொடுத்தவர் பெயர், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதினால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் மாற்றாவிட்டால் செயலி தலைக்குச் சமமாகவே பிரிக்கும். வண்டி வாடகை ரூ.2,400, சுமைகூலி ரூ.600, ஆக ரூ.3,000 என்று கொள்வோம். அம்பத்தூர்க் கடைக்கு 10 மூட்டை, திருமுல்லைவாயலுக்கு 20, ஆவடிக்கு 30. சமமாகப் பிரித்தால் தலைக்கு ரூ.1,000. மூட்டைக் கணக்கில் பிரித்தால் ரூ.500, ரூ.1,000, ரூ.1,500. முதலில் இறக்கிக்கொள்ளும் சிறிய கடைக்காரர் சமப் பங்கீட்டில் ஒவ்வொரு நடைக்கும் ரூ.500 இழக்கிறார். எனவே 'சமம்' என்பதை மாற்றி 'பங்கு' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து 10, 20, 30 என்று எழுத வேண்டும். மூட்டைகளும் ஒரே எடை அல்ல. சர்க்கரை மூட்டை 50 கிலோ. அரிசியோ, 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ மூட்டையிலும் வருகிறது! கலந்து ஏற்றினால் கிலோவைப் பங்காக எழுதுவதே நியாயம்.

தூரத்தையும் சேர்ப்பதா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அதைச் செயலி சொல்லாது. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டிலிருந்து திருமழிசைக்கு மாறியபோது பூந்தமல்லிக்காரர்களுக்குச் சந்தை அருகில் வந்தது, அம்பத்தூருக்குத் தூரமானது. செப்டம்பர் இறுதியில் அது திரும்பப் போனதும் தூரமும் தலைகீழானது. இப்படி மாறும்போது பங்கையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது கடனைக் கழிப்பது. மேற்சொன்ன ரூ.3,000-த்தை அம்பத்தூர்க்காரர் கொடுத்தார். அடுத்த நடைக்கும் அதே ரூ.3,000, அதை ஆவடிக்காரர் கொடுத்தார், இம்முறை மூவருக்கும் 20 மூட்டை. எழுதிப் பார்த்தால் அம்பத்தூருக்கு ரூ.1,500 வரவேண்டும், ஆவடிக்கு ரூ.500 வரவேண்டும், திருமுல்லைவாயல் ரூ.2,000 தரவேண்டும். இரண்டே கொடுக்கல்களில் கணக்கு தீர்ந்தது.

இதில் திருமுல்லைவாயல்காரருக்குச் சந்தேகம் எழலாம். 'அம்பத்தூருக்கு நான் தரவேண்டியது ரூ.1,000 தானே, ஏன் ரூ.1,500 கேட்கிறது?' அந்த ரூ.500, ஆவடிக்காரர் அம்பத்தூருக்குத் தரவேண்டியது. இவர் ஆவடிக்குத் தரவேண்டிய ரூ.1,000-த்தில் ரூ.500-ஐ நேரே அம்பத்தூருக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. வங்கிகள் காசோலைகளை ஒன்றுக்கொன்று கழித்து மீதியை மட்டும் தீர்த்துக்கொள்வதும் இந்த வழிதான். இது பிடிக்காதவர்கள் கடனைச் சுருக்கும் வசதியை நிறுத்தி வைக்கலாம். அப்போது கொடுக்கல் மூன்றாகும், ஆனால் அவரவர் கணக்கு அவரவருக்குப் புரியும். புதிதாகத் தொடங்குவோர் முதல் மாதம் இப்படியே நடத்துவது நல்லது.

பணத்தை வழக்கம்போல் ரொக்கமாகவோ யு.பி.ஐ. மூலமோ கொடுத்துவிட்டு, 'தீர்ந்தது' என்று பதிய வேண்டும். பதியாவிட்டால் பாக்கி அப்படியே நிற்கும்; சண்டை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கும். குழுவில் உள்ள எவரும் பதிவைத் திருத்த முடியும் என்பதால், வாடகை ரசீதைப் படமெடுத்து மற்ற இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு நாளில் எழுதும் பதிவுகளுக்கு வரம்பு உண்டு. ஆகவே வாடகையையும் கூலியையும் ஒரு நடைக்கு ஒரே பதிவாக எழுதலாம்.

இது நண்பர்களுக்கிடையே உள்ள சிட்டைதான், பேரேடு அல்ல. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடைகள், ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். கைப்பேசிப் பதிவை நம்பி ரசீதுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவரவர் பங்கை மட்டும் அவரவர் புத்தகத்தில் வண்டி வாடகை என்று எழுதுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தவர், மற்றவர்களின் பங்கைத் தன் செலவில் சேர்க்காமல் வரவேண்டிய பாக்கியாகக் காட்ட வேண்டும்.