142 பூச்சிகளைக் கொன்ற பச்சை இலை! ஆசையாக வளர்ப்பவரே அதற்கு எமன் ஆகும் விபரீதம்!

மொத்தம் 39 இலைகள். அதில் 32 இலைகளில் 142 பிணங்கள்!

செத்துக் கிடந்தது மனிதர்கள் அல்ல, பூச்சிகள். கணக்கு எடுத்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டார்வின்.

வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் இருந்து நண்பர் ஒருவர் இந்த இலைகளை அனுப்பி இருந்தார். ஏதாவது ஒட்டிக் கிடந்த இலையாகப் பார்த்துப் பொறுக்கியவை. 1875-ல் டார்வின் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கணக்கு அச்சாகி இருக்கிறது.

கொலைகாரன் பெயர் பட்டர்வர்ட். தாவர சாஸ்திரத்தில் பிங்குவிகுலா. லத்தீனில் "கொழுப்பு" என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்த பெயர். இலையைத் தொட்டால் வெண்ணெய் தடவியது போல வழவழப்பு!

இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் ஜன்னல் ஓரத்துத் தொட்டிகளில் இதை ஆசையாக வளர்க்கிறார்கள். ஆனால் புதிதாக வளர்ப்பவர் கையில் பல செடிகள் பரிதாபமாகச் செத்துப் போகின்றன. காரணம், கவனிப்புக் குறைவு அல்ல. அளவுக்கு மீறிய கவனிப்பு!

கொலை நடப்பது எப்படி?

பள்ளிப் பாடப் புத்தகத்தில் குடுவைச் செடியைப் படித்திருப்பீர்கள். பட்டர்வர்ட்டுக்குக் குடுவை இல்லை. மூடித் திறக்கும் வாயும் இல்லை. சும்மா தரையோடு விரிந்த இலைகள்தான்.

அந்த இலை முழுவதும் நுண்ணிய சுரப்பிகள். ஒரு வகை சுரப்பி பசையைக் கக்குகிறது. சின்னக் கொசு, ஈ உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். உதறினால் இன்னும் ஒட்டும். உடனே இன்னொரு வகை சுரப்பி ஜீரண நீரை விடும். சில நாளில் மிஞ்சுவது வெறும் கூடு.

மண்ணில் தழைச்சத்து இல்லாத இடத்தில் பிழைக்க வந்த செடி இது. மற்றச் செடிகளைப் போல வெயிலில்தான் இதுவும் உணவு தயாரிக்கிறது. பூச்சி என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டு மாதிரி.

பூவை மட்டும் நீளக் காம்பில் உயரத் தூக்கி வைத்திருக்கும். மகரந்தம் கொண்டுவரும் பூச்சி பசையில் மாட்டக்கூடாது அல்லவா? பலே கெட்டிக்காரச் செடி!

மெக்சிகோ சரக்கு

உலகில் சுமார் 100 வகை பட்டர்வர்ட் உண்டு. ஏறக்குறைய பாதி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை. இந்தியாவிலும் இமயமலையில் ஒரு வகை வளர்கிறது. நீலகிரியில் இருப்பது இது அல்ல. அது பனித்துளி போலப் பசை மின்னும் டிரசீரா.

புதியவர்களுக்கு ஏற்றது "மொரானென்சிஸ்" என்ற மெக்சிகோ வகை. 1803, 1804-ல் அந்நாட்டைச் சுற்றி வந்த ஹம்போல்ட், போன்பிளாண்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் மொரான் என்ற சுரங்கம் அருகே இதைக் கண்டெடுத்தார்கள். அந்தச் சுரங்கத்தின் பெயரே செடிக்கும் ஒட்டிக்கொண்டது. இதில் இருந்து உருவாக்கிய வெசர், சேத்தோஸ் என்ற கலப்பு வகைகளும் சுலபமாக வளரும்.

எமனாகும் 4 தவறுகள்

முதல் தவறு, குழாய்த் தண்ணீர். அதில் உள்ள உப்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். மழைத் தண்ணீர் அல்லது வாலை வடித்த தண்ணீர்தான் நல்லது.

இரண்டாவது, உரம். வேரில் உரம் போட்டால் கருகிப் போகும். தோட்டத்துக் கொழுத்த மண்ணும் ஆகாது. மணல், பெர்லைட் போன்ற நீர் தேங்காத கலவை போதும்.

மூன்றாவது, "ஐயோ பாவம், பட்டினி கிடக்குதே" என்று இறைச்சித் துண்டை வைப்பது. இலை அழுகிவிடும். பூச்சியை அதுவே பிடித்துக்கொள்ளும். சில வாரம் பிடிக்காவிட்டாலும் சாகாது.

நான்காவதுதான் பெரிய விபரீதம். குளிர்காலம் மெக்சிகோ மலையில் மழை இல்லாத காலம். அப்போது செடி பெரிய இலைகளை விட்டுவிட்டு, சின்னச் சின்னத் தடித்த இலைகளாகச் சுருங்கிவிடும். பசையும் இருக்காது, வேட்டையும் இருக்காது. செடி தூங்குகிறது, அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர் என்ன செய்வார்? "செடி சாகுது" என்று பதறிப் போய்க் குடம் குடமாய் ஊற்றுவார். நடுக்குருத்து அழுகும். கதை முடிந்தது!

சும்மா விட்டு, மண்ணை அவ்வப்போது லேசாக ஈரம் காட்டினால் போதும். வெயில் காலம் வந்ததும் பழையபடி இலை விரித்து வேட்டைக்குத் தயாராகிவிடும். காலை வெயில் படும் ஜன்னல் ஓரம் இதற்குத் தோதான இடம். கொளுத்தும் உச்சி வெயில் ஆகாது.

970 செடி திருட்டு

இந்த ஆசையில் ஒரு குற்றக் கதையும் இருக்கிறது. இன்னொரு பூச்சி தின்னிச் செடியான வீனஸ் பிளைட்ராப் அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. விற்பதற்காகத் திருட்டுக் கும்பல்கள் தோண்டி எடுத்தன. 2014 டிசம்பரில் வட கரோலினாவில் இதைக் கடுங்குற்றமாக ஆக்கினார்கள். 2015 ஜனவரியில் 970 செடிகளுடன் 4 பேர் சிக்கினார்கள்!

பட்டர்வர்ட் விஷயத்திலும் காட்டில் கை வைப்பது பாவம். புளோரிடாவில் வளரும் ஒரு வகை பட்டர்வர்ட், 1993 முதல் அமெரிக்க அரசின் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது.

திருடவே தேவை இல்லை என்பதுதான் வேடிக்கை. தூங்கும் காலத்தில் மெக்சிகோ வகையின் சின்ன இலை ஒன்றை அடியோடு பூப்போலப் பிரித்து ஈர மணல் மேல் வையுங்கள். சில வாரங்களில் இலையின் அடியில் குட்டிச் செடி முளைக்கும். செடி வைத்திருக்கும் நண்பரிடம் ஓர் இலை கேட்டு வாங்கினால் போதும்.

வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீர்ச் செம்பைத் தூக்கும் முன்பு கொஞ்சம் யோசியுங்கள்!