விமானத் துறையில் சேர எந்தப் படிப்பு?

12ஆம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை, தான் விமானத் துறைக்குப் போக விரும்புவதாகச் சொன்ன மாத்திரத்தில், அந்தத் துறை எத்தனை கிளைகளை உடையது என்று விசாரியாமல், விமானப் படம் போட்ட விளம்பரத்தைக் கண்ட முதல் கல்லூரியிலேயே பணத்தைக் கட்டிவிடும் பெற்றோரை நினைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. விமானத்தை ஓட்டுவது ஒரு தொழில், பராமரிப்பது வேறு, வடிவமைப்பது முற்றிலும் வேறு. இவற்றுள் சிலவற்றுக்குப் பட்டம் பிரதானம். சிலவற்றுக்கோ சர்க்காரின் விமானப் போக்குவரத்து இயக்ககமாகிய டி.ஜி.சி.ஏ. வழங்கும் லைசென்ஸே பிரதானம்.

விமானி ஆவதற்குக் கல்லூரிப் பட்டம் அவசியமில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 12ஆம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் தேறி, 18 வயது நிரம்பி, வான்வழி கணித்தல், வானிலை, விமானச் சட்டம் முதலிய பரீட்சைகளில் வெற்றி பெற்று, 200 மணி நேரம் பறந்து பழகியவருக்கே வர்த்தக விமானி லைசென்ஸ் கிடைக்கிறது. இதற்காகும் செலவோ ஒரு நடுத்தரக் குடும்பம் ஆயுள் முழுதும் சேர்த்த பொருளை விழுங்கக் கூடியது. ஆகையால் முதலில் செய்ய வேண்டியது வைத்திய பரிசோதனை. பல நிறப் புள்ளிகள் நிறைந்த அட்டை ஒன்றைக் காட்டி, அதில் தெரியும் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். அதுநாள் வரை மூக்குக்கண்ணாடியே அணிந்தறியாத பிள்ளை, 74 என்று மற்றவர் படிக்கும் இடத்தில் 21 என்று படிக்கக் கூடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் உள்ள அந்தக் குறை, கடன் வாங்கிப் பணத்தைக் கட்டிய பிறகு தெரியவருவது எவ்வளவு கொடுமை!

அடுத்த குழப்பம் ‘ஏரோநாட்டிகல்’ பொறியியலுக்கும் ஏ.எம்.இ. என்னும் விமானப் பராமரிப்புப் படிப்புக்கும் இடையே நேர்வது. பழுது நீக்கிய விமானம் மறுபடியும் பறக்கத் தகுதியுடையது என்று சான்றளித்துக் கையெழுத்திடும் அதிகாரம், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று, பரீட்சை தேறி, போதிய அனுபவமும் பெற்று, லைசென்ஸ் வாங்கியவருக்கே உண்டு. அந்த ஒரு கையெழுத்தை நம்பித்தான் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் விமானத்தில் ஏறி அமர்கிறார்கள். பி.இ. பட்டம் மட்டும் அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. அது வடிவமைப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய வழி. சென்னை குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் பயின்ற அப்துல் கலாம், டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 8 பேருக்கே இடமிருக்க 9ஆவதாக வந்து விமானியாகும் வாய்ப்பை இழந்தார். ஆயினும் அந்தப் படிப்பு அவரை ராக்கெட்டுகளை உருவாக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு இட்டுச் சென்றது.

பெரும்பாலோர் எண்ணியும் பாராத ஓர் உத்தியோகம் உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் ராடார் திரையின் முன்பும் அமர்ந்து, வானில் செல்லும் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காதபடி காப்பது அது. பௌதிகமும் கணிதமும் கொண்ட சாதாரண பி.எஸ்ஸி. பட்டமே அந்த உத்தியோகத்துக்கான தேர்வை எழுதப் போதுமானது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு விமான நிலைய ஆணையம் சம்பளத்துடன் பயிற்சியும் அளிக்கிறது. லட்சக்கணக்கில் செலவழிக்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விமான நிலைய நிர்வாகம் என்ற பெயரில் நடக்கும் பி.பி.ஏ. வகுப்புகள் அலுவலகப் பணிகளுக்கு உதவலாம். அவற்றைப் படித்து விமானியாகலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே பெற்றோரே, பணம் கட்டுவதற்கு முன், டி.ஜி.சி.ஏ. வெளியிட்டிருக்கும் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, சென்ற ஆண்டு சேர்ந்த மாணவர் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்று நேரில் சென்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.