கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு தலைநகரம்... ஜார்ஜ்டவுன் மூழ்காம இருப்பது எப்படி?

காபி ஷாப்புல 'டெமராரா சுகர்' பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டிருப்பீங்க. அந்தப் பேர் ஒரு நதியோடது. அது கடல்ல கலக்குற இடத்துலதான் கயானாவின் தலைநகரமும் துறைமுகமுமான ஜார்ஜ்டவுன் இருக்கு. தென் அமெரிக்காவில ஆங்கிலத்தை ஆட்சிமொழியா வெச்சிருக்கிற ஒரே நாடு கயானாதான்.

இந்த ஊர்ல ஒரு வினோதம். கடல் ஏற்றத்தின்போது, அலைகள் ஊரைவிட சுமார் ஒரு மீட்டர் உயரத்துல இருக்கும்!

ஏன் இப்படி ஒரு இடத்துல ஊரைக் கட்டினாங்க?

காரணம், கரும்பு. சதுப்பு நிலத்தைக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, தோட்டங்களா மாத்தினவங்க டச்சுக்காரங்க. அவங்க வெச்ச பேர் ஸ்டாப்ரோக். 1812-ல அதை ஜார்ஜ்டவுன்னு மாத்தினாங்க பிரிட்டிஷார். மண்ணை வெட்டினது ஆப்பிரிக்க அடிமைகள். பிறகு கரும்புக்காட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தாங்க. மெட்ராஸ்ல கப்பல் ஏறின தமிழர்களும் அதுல உண்டு. அவங்க கொண்டுபோன அம்மன் வழிபாடு, இன்னிக்கும் அங்க 'காளி மாய்' பூஜையா தொடருது.

சரி, தண்ணி எப்படி உள்ளே வராம இருக்கு?

முதல் காவல், கடற்சுவர். 1855-ல வேலை ஆரம்பிச்சு, 1892 வாக்கில பெரும்பகுதி முடிஞ்சது. சாயங்காலம் ஆனா ஊரே அதுமேலதான் அரட்டை அடிக்கும். அதுக்கு அவங்க பாஷையில 'லைமிங்'.

இரண்டாவது, 'கோக்கர்'. நம்ம ஊர் மதகேதான். கடல் வத்தும்போது கதவைத் தூக்கினா, ஊர்த் தண்ணி தானா கடலுக்கு ஓடிடும். கடல் ஏறும்போது இறக்கிடணும். தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். கடலோட கடிகாரம்தான் ஊருக்கும் கடிகாரம்!

சிக்கல் எங்கேன்னா, கடல் ஏறி நிக்கிற நேரத்துல பேய்மழை பெய்தா கதவைத் திறக்க முடியாது. பம்ப் வெச்சு இறைக்கிறதைத் தவிர வேற வழியில்லை. அமாவாசை, பௌர்ணமின்னா ஏற்றம் இன்னும் அதிகம். 2005 ஜனவரியில விடாம கொட்டின மழையில, ஊரும் சுத்துவட்டாரமும் நாள்கணக்கில வெள்ளத்துல நின்னது.

பிளாஸ்டிக்கும் தெர்மகோல் டப்பாக்களும் வாய்க்காலை அடைச்சா நிலைமை இன்னும் மோசம். அதனாலதான் தெர்மகோல் உணவு டப்பாக்களுக்கு 2016-ல தடை போட்டாங்க. கரையில அலையாத்திக் காடுகளையும் வளர்க்கிறாங்க. அலையோட வேகத்தை முதல்ல தாங்குறது அந்த வேர்கள்தான்.

2019 டிசம்பர்ல கயானா கடல்ல எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பணத்துல சாலை, பாலம்னு ஊர் வேகமா மாறுது. ஆனா எண்ணெய் எரிஞ்சா புவி சூடாகும். சூடானா கடல் மட்டம் ஏறும். ஏறுற கடல், வத்துற நேரத்துலகூட கோக்கரைத் திறக்க விடுமா? வளம் தர்ற அதே கடல்தான், கதவையும் தட்டிக்கிட்டு நிக்குது.